இடப்பக்கம் முக்கால் வட்டம்

ஸ்ரீவில்லிபுத்தூர்
14 ஜூலை 2024

ஜாஸ்மின்,

என் எண்ணை நீ தடுத்து வைத்து எட்டு நாளாகிறது. கூப்பிட்டால் ஒரு மணி அடித்து நின்றுவிடுகிறது. உன் ஆஸ்பத்திரி வரவேற்பறைக்குப் பேசினேன். "சிஸ்டர் டியூட்டில இருக்காவ, பேச மாட்டாவளாம்" என்றாள் அந்தப் பெண். அந்த "மாட்டாவளாம்" உன் வாயிலிருந்து வந்த மாதிரியே இருந்தது.

அதனால்தான் கடிதம். மதுரையில் ஹாஸ்டலில் இருந்த காலத்தில், லீவு விட்டால் நீ ராஜபாளையத்திலிருந்தும் நான் இங்கிருந்தும் எழுதிக்கொள்வோம். நடுவில் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பஸ் ஏறினால் அரை மணி நேரம். ஆனாலும் எழுதினோம். இப்போது பஸ் ஏறி வந்தால் நீ கதவைத் திறப்பாயா என்று தெரியவில்லை. கடிதத்தையாவது பிரிப்பாய் என்று நம்புகிறேன்.

பெங்களூருக்கு உன் ஜெர்மன் தேர்வுக்கு ரயிலில் போகலாம் என்றவள் நீ. கார்தான் என்று பிடிவாதம் பிடித்தவள் நான். நாற்பத்தைந்து வயதில் லைசென்ஸ் வாங்கியவளுக்கு, மாநிலம் விட்டு மாநிலம் ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று ஆசை. சேலம் வரை நன்றாகத்தான் போனோம். தொப்பூர் மலை ஏற்றத்தில் நீ கண்ணை மூடிக்கொண்டு ஜெர்மன் வாக்கியங்களை மனப்பாடம் செய்தாய், நான் சிரித்தேன். இரவு ஓசூரில் உன் அண்ணன் ஜோயல் வீட்டில் தங்கினோம். காலையில் ஆறரைக்குக் கிளம்பினோம். ஒன்பது மணிக்குத் தேர்வு மையத்தின் கதவைச் சாத்துவார்கள். நேரம் தாராளமாக இருந்தது.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஏன் நடந்தது என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

பெங்களூருக்கு வெளியே ஓடும் அந்தச் சுங்கச் சாலையில் நாம் மேற்கே போய்க்கொண்டிருந்தோம். ஊர் நமக்கு வலப்பக்கம். கனகபுரா சாலையில் இறங்கி ஊருக்குள் போக வேண்டும். ஆனால் அங்கே வலப்பக்கம் போகிறவர்கள் வலப்பக்கம் திரும்ப முடியாது. பாலத்தைத் தாண்டி, இடது ஓரம் பிடித்து, இடப்பக்கமாகவே முக்கால் வட்டம் சுற்றி இறங்க வேண்டும். பூவிதழ் மாதிரி நான்கு மூலையிலும் நான்கு சுற்று.

நான் எங்கே ஓட்டப் பழகினேன் என்று உனக்குத் தெரியும். கோயிலைச் சுற்றி நான்கு ரத வீதி. வீட்டுக்காரர் வைகுந்த் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். மாமனார் முதல் நாளே சொல்லிவிட்டார், வண்டியானாலும் வலமாகத்தான் போக வேண்டும், பெருமாளுக்கு இடமாகப் போகக் கூடாது என்று. பதினோரு மாதம், தினமும் காலையில், நான்கு மூலையிலும் வலது திருப்பம். என் கைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். ஊர் வலப்பக்கம் இருக்கும்போது ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்துச் சுற்று என்றால் கை மரத்துப்போனது. நேராகப் போய்விட்டேன். அடுத்த இறக்கம் மைசூர் சாலை. அங்கே நெரிசல்.

போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது இருபத்திரண்டு. வாட்ச்மேன் கம்பிக்கு உள்ளே நின்று கையை விரித்ததும், திரும்பும் வழி முழுக்க ஒன்பது மணி நேரம் நீ பின் சீட்டில் உட்கார்ந்து வந்ததும் எனக்கு மறக்காது.

மன்னிப்புக் கேட்கிறேன்.

ஸ்ரீப்ரியா


ராஜபாளையம்
19 ஜூலை 2024

ப்ரியா,

பிரித்தேன். படித்தேன்.

உன் கோயில் வீதி விளக்கம் நன்றாக இருக்கிறது. நீ வேலை பார்க்கிற நூலகத்தில் அடுக்கி வை. நான் கேட்டது விளக்கம் இல்லை. நான் எதையுமே கேட்கவில்லை.

எட்டு வருஷம் அம்மாவைப் படுக்கையில் வைத்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் எட்டு மணி நேரம் நோயாளி, வீட்டில் மீதி நேரம் நோயாளி. அவர்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. நாற்பத்தாறு வயதில் முதல்முறையாக என் இஷ்டத்துக்கு ஒன்று செய்யக் கிளம்பினேன். இந்த வயசில் ஒருத்தியை வேலைக்கு எடுக்கத் தயாராக இருக்கிற ஒரே ஆஸ்பத்திரி ஜெர்மனியில் இருக்கிறது. நவம்பர் முடிவதற்குள் மொழித் தேர்வுச் சான்றிதழ் போகவில்லை என்றால் இடம் வேறு ஆளுக்கு. இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்துதான் ஸ்டியரிங்கைப் பிடித்தாய்.

கிருஷ்ணகிரியில் டீக்கடையில் நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "அங்க பனியில உனக்கு மூட்டு வலிக்கும்டி. ஒரு வாய் ரசத்துக்கு எங்கே போவே?" நான் விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன். "ஏட்டி, ரசப்பொடிய நீ பார்சல்ல போட மாட்டியாக்கும்?" என்றேன். நீ டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாய்.

நான் நர்ஸ். பல பேர் "கை மரத்துப்போச்சு சிஸ்டர்" என்று என்னிடம் வந்திருக்கிறார்கள். எது மரத்த கை, எது தூக்க மனசில்லாத கை என்று எனக்குத் தெரியும்.

அடுத்த தேர்வு செப்டம்பர் 28. அதே மையம். விருதுநகரிலிருந்து ரயிலுக்குப் பதிவு செய்துவிட்டேன். நீ வர வேண்டாம்.

ஜாஸ்மின்


ஸ்ரீவில்லிபுத்தூர்
9 ஆகஸ்ட் 2024

ஜாஸ்மின்,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. மூன்று முறை பதில் எழுதிக் கிழித்தேன். ஒரே இடத்தில் உட்கார முடியவில்லை. நூலகத்தில் திரும்பி வந்த புத்தகங்களைத் தப்பான அடுக்கில் வைக்கிறேன். வீட்டில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்கு வருகிறேன், எதற்கு வந்தேன் என்று நிற்கிறேன்.

முந்தாநாள் ஆடிப்பூரம். தேர் ஓடியது. வாசலில் நின்று பார்த்தேன். தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போட்டுப் போட்டுத்தான் திருப்புகிறார்கள். அதை நூறு முறை பார்த்திருக்கிறேன். இந்த முறைதான் அந்தக் கட்டை போடுகிறவர்களின் முகத்தைப் பார்த்தேன். தேர் எங்கே திரும்ப வேண்டும் என்பதில் அவர்களுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது.

இன்று காலை வீதியில் கூட்டம் குறைந்ததும் வண்டியை எடுத்தேன். வேண்டுமென்றே இடப்பக்கமாகப் போனேன். வடக்கு மூலையில் பூக்கடை அழகுத்தாய் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சத்தம் போட்டாள்.

"எக்கா, தேரு எங்கிட்டுப் போச்சு, நீங்க எங்கிட்டுப் போறிய? வழி மறந்துட்டியளா?"

"பழகுறேன் அழகுத்தாய்."

"பழகுனத மறக்கவா பழகுறிய? நல்லா இருக்கு போங்க!"

இரண்டாவது சுற்றில் மாமனார் வாசலில் நின்றிருந்தார். எண்பது வயதுக் கண் என்றாலும் வண்டி வரும் திசை அவருக்குத் தெரியாமல் இருக்குமா? வீட்டுக்குள் வந்ததும், "என்னம்மா, எம்பெருமானுக்கு இடமா போறே?" என்று மட்டும் கேட்டார். காரணம் சொன்னேன். உன்னையும் தேர்வையும் பாலத்தையும் சொன்னேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். "அந்த ஊர்ல பாலத்துக்கு நடுவுல கோயில் இருக்கா?" என்றார். இல்லை என்றேன். "பின்னே அங்கே எதுக்கு யோசிச்சே?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

அதற்குப் பதில் என்னிடம் இருந்தது.

ஜாஸ்மின், நான் பலகையைப் பார்த்தேன். பச்சைப் பலகை. கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி, இடப்பக்கம் வளைந்த ஓர் அம்புக்குறி. படித்தேன். புரிந்தது. கை மரத்தது உண்மை. ஆனால் பலகைக்கும் இறக்கத்துக்கும் நடுவே எப்படியும் பத்து விநாடி இருந்திருக்கும். அந்தப் பத்து விநாடியில் நான் என்ன நினைத்தேன் என்பதைத்தான் மூன்று கடிதத்திலும் எழுத வந்து கிழித்தேன். இதிலும் வரவில்லை.

ஸ்ரீப்ரியா


ராஜபாளையம்
20 ஆகஸ்ட் 2024

ப்ரியா,

உன் மாமனார் கேட்ட கேள்வியைப் படித்து வார்டில் தனியாகச் சிரித்துவிட்டேன். மூன்றாம் நம்பர் படுக்கையில் இருக்கிற காளிராஜ் தாத்தா, "சிஸ்டருக்கு எங்கிருந்தோ நல்ல சேதி வந்திருக்கு" என்று வார்டு முழுக்கச் சொல்லிவிட்டார். நல்ல சேதி எதுவும் இல்லை. உனக்குத்தான் ஒன்று சொல்ல வேண்டும். நீ பலகையைப் பார்த்தேன் என்று எழுதிய பிறகு நான் சும்மா இருந்தால், அது அம்மாவுக்கு அடுக்காது.

அன்றைக்கு மேப் என் மடியில்தான் இருந்தது. மொபைலில் சத்தத்தை நிறுத்தி வைத்தது நான். அந்தக் குரல் என் ஜெர்மன் வாக்கியத்துக்கு நடுவே புகுந்துகொண்டே இருந்தது, அதனால் நிறுத்தினேன். நான் பார்த்து உனக்குச் சொல்வதாக ஏற்பாடு. கனகபுரா சாலை, இடது, இருநூறு மீட்டர் என்று திரையில் வந்தது. பார்த்தேன். வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

ஏன் தெரியுமா? பேச்சுத் தேர்வில் முதல் கேள்வி, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்பது. ஆறு மாதமாகப் பயிற்சி. என் பெயர் ஜாஸ்மின், என் ஊர் ராஜபாளையம், நான் இருபத்து நான்கு வருஷமாக நர்ஸ். அதற்கு அடுத்த வாக்கியம் வரவே வராது. ஜெர்மனில் மட்டும் இல்லை. தமிழிலும் வராது. அம்மா இல்லாத வீட்டில் நான் யார் என்று எனக்கே தெரியவில்லை. அதைப் போய் ஒரு வெள்ளைக்காரனிடம் எப்படிச் சொல்வது? தோற்றுவிட்டுத் திரும்பி வந்து, ஆஸ்பத்திரியில் எல்லோர் முகத்திலும் முழிப்பதைவிட, கதவு சாத்தியிருந்தால் நல்லது என்று ஒரு நிமிஷம் தோன்றியது. கதவு சாத்தியிருந்தது. உன்மேல் பழியைப் போட்டுவிட்டுப் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

பழி முழுக்க உன்னுடையது இல்லை என்று சொல்லத்தான் எழுதினேன். பாதி. உன் பாதியை நீ இன்னும் சொல்லவில்லை. அந்தப் பத்து விநாடி.

ரயிலில்தான் போகிறேன். அதில் மாற்றம் இல்லை.

ஜாஸ்மின்


ஸ்ரீவில்லிபுத்தூர்
3 செப்டம்பர் 2024

ஜாஸ்மின்,

என் பாதியைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் எங்கே போய் வந்தேன் என்று சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு லீவு போட்டேன். வைகுந்த் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். தனியாகவே ஓட்டிக்கொண்டு ஓசூர் போனேன். ஜோயல் அண்ணன் வீட்டில்தான் தங்கினேன். உன்னிடம் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். அண்ணி ஒன்றும் கேட்காமல் சோறு போட்டார்கள்.

சனிக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு அந்தப் பாலத்துக்கு வந்தேன். பச்சைப் பலகை அப்படியே இருந்தது. இடது ஓரம் பிடித்தேன். வேகத்தைக் குறைத்து ஒடித்தேன். வண்டி சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கனகபுரா சாலையில் இறங்கியதும் ஓரமாக நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். அவ்வளவுதானா என்று இருந்தது. ஒரு முறை வந்தது தற்செயலாக இருக்கலாம் என்று மறுபடி ஏறினேன். நான்கு மூலையில் நான்கு சுற்று. நான்கிலும் இறங்கினேன், ஏறினேன். மூன்றாவது முறை அதே சுங்கச் சாவடிக்கு வந்தபோது உள்ளே இருந்தவர் தமிழிலேயே கேட்டார், "மேடம், எதையாச்சும் தொலைச்சிட்டீங்களா?" தர்மபுரிக்காரராம். "பழகுறேன் சார்" என்றேன். "இங்க எல்லாரும் தொலைஞ்சுதான் பழகுறாங்க" என்றார்.

சுற்றில் போகும்போது ஓர் இடம் வருகிறது. கொஞ்சம் முன்னால் நான் மேலே கடந்த அதே பாலம் கண்ணுக்கு நேரே தெரியும். அதன்மேல் வண்டிகள் மைசூர்ப் பக்கமாகப் பறந்துகொண்டிருக்கும். அன்றைக்கு நாமும் அப்படித்தான் போயிருப்போம். அதைப் பார்த்தபோதுதான் அந்தப் பத்து விநாடி எனக்குத் திரும்பி வந்தது.

நீ போகக் கூடாது என்று நினைத்தேன். வேறு ஒன்றும் இல்லை. உன் மூட்டுக்காகவோ ரசத்துக்காகவோ இல்லை. எனக்காக. மாசத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை நீ சர்ச் முடிந்து பஸ் ஏறி வருவாய், நாம் பேசுவோம், ஆறு மணி பஸ்ஸுக்குப் போவாய். அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையை நம்பித்தான் மீதி நாட்களை ஓட்டுகிறேன். இது வைகுந்துக்குத் தெரியாது. உனக்கும் நான் சொன்னதில்லை. எட்டு வருஷம் உன் அம்மா படுத்திருந்தபோது உனக்காக வருத்தப்பட்டேன், உண்மைதான். ஆனால் நீ எங்கேயும் போக மாட்டாய் என்ற நிம்மதியும் எனக்குள் இருந்தது. அதை எழுதக் கை கூசுகிறது. எழுதிவிட்டேன்.

ரயிலில் போனால் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ பிடித்துக்கொள். கம்பிக் கதவு இருப்பது பின் தெருவில். முன் வாசல் என்று ஆட்டோக்காரர் வேறு பக்கம் விடுவார், அங்கே இறங்காதே. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஸ்ரீப்ரியா


ராஜபாளையம்
11 செப்டம்பர் 2024

ஏட்டி ப்ரியா,

ஜோயல் அன்றைக்கு ராத்திரியே போன் போட்டுவிட்டான். "உன் கூட்டாளி ஒரே பாலத்தை நாலு தடவை சுத்திட்டு வாரா, அவளுக்குச் சுகமில்லையா?" என்று கேட்டான். அவன் வாய் நிற்காது. உனக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா?

உன் கடிதத்தை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். நீ எழுதியதற்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்து யோசித்து ஒரு வாரம் போய்விட்டது. கோபம் வரும் என்று நினைத்தேன். வந்தது. நான் அடைபட்டுக் கிடந்ததில் ஒருத்திக்கு நிம்மதி என்றால் கோபம் வராதா? இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள், பயிற்சியில் அந்த முதல் கேள்வி வந்தது. என் பெயர், என் ஊர், என் வேலை. அதற்கு அடுத்து, யோசிக்காமலே வந்துவிட்டது: எனக்கு ஒரு சிநேகிதி இருக்கிறாள், நான் போவது அவளுக்குப் பிடிக்கவில்லை, அவள்தான் என்னைக் கார் ஓட்டிக் கூட்டிக்கொண்டு போகிறாள். வாத்தியார் வினைச்சொல்லைத் திருத்தினார். மற்றபடி சரியாம்.

போகிறாள் என்று சொல்லிவிட்டேன், பார்த்தாயா. சொன்ன பிறகு மாற்றினால் பொய்யாகிவிடும். ரயில் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன்.

27ஆம் தேதி காலை எட்டு மணிக்கு எங்கள் வீட்டு வாசலுக்கு வா. நான் முன் சீட்டில் உட்காருவேன். மொபைலில் சத்தம் இருக்கும். அந்தக் குரல் சொல்லும், அதற்கு மேலே நானும் சொல்லுவேன். கிருஷ்ணகிரியில் டீயைப் பாதியில் வைக்கக் கூடாது. உன் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனால் அன்றைக்கு வரை கூப்பிடாதே. நேரில் திட்டிக்கொள்ளலாம்.

ஜாஸ்மின்


பெங்களூர், தேர்வு மையத்தின் பின் தெரு
28 செப்டம்பர் 2024

ஜாஸ்மின்,

நீ உள்ளே இருக்கிறாய். நான் காருக்குள் உட்கார்ந்து, சர்வீஸ் புத்தகத்தின் பின்பக்கத்துத் தாள்களில் இதை எழுதுகிறேன். எட்டு முப்பத்தைந்துக்கு நீ அந்தக் கம்பிக் கதவுக்குள் போனாய். அதே வாட்ச்மேன். ஒன்பது மணிக்கு அவர் கதவைச் சாத்தினார். சாத்தும் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்று கண்ணாடியை இறக்கி வைத்திருந்தேன்.

சுற்றில் என்ன நடந்தது என்று உனக்கும் தெரியும். ஆனாலும் நான் பார்த்ததை எழுதி வைக்கிறேன். பச்சைப் பலகை தெரிந்ததும் நீ ஜெர்மனை நிறுத்திவிட்டாய். மொபைல் இடது என்றது. நீ அதைவிடச் சத்தமாக, "ஏட்டி, இடது! இடதுன்னேன்லா! உன் பெருமாள் இங்கன இல்ல, ஒடி!" என்று கத்தினாய். நான் ஏற்கெனவே ஒடித்துவிட்டேன். ஒடித்த பிறகும் நீ கத்திக்கொண்டிருந்தாய். பாதிச் சுற்றில் நீ என் தோளைப் பிடித்தாய், விடவில்லை. தோள் இன்னும் வலிக்கிறது. நர்ஸ் பிடி.

இப்போது மணி பன்னிரண்டரை. பேச்சுத் தேர்வு நடக்கும் நேரம். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ தேற வேண்டும் என்று காலையிலிருந்து வேண்டிக்கொண்டிருக்கிறேன். நடு நடுவே எனக்குள்ளே வேறு ஒருத்தி வாயைத் திறக்கப் பார்க்கிறாள். அவளை எனக்கு இப்போது அடையாளம் தெரியும், பேச விடவில்லை. அவள் முழுக்கப் போய்விட்டாள் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

திரும்பும் வழியில் அந்தச் சுற்று கிடையாது. கனகபுரா சாலையிலிருந்து ஓசூர்ப் பக்கம் போக வெறும் இடது திருப்பம்தான், கண்ணை மூடிக்கொண்டு போகலாம். ஆனால் நான் உன்னைக் கொண்டுபோய் விட வேண்டிய விமான நிலையம் இந்த ஊரின் மறுபக்கம் இருக்கிறது. எதிரே இளநீர் விற்கிறவரிடம் கேட்டேன். ஊரைக் குறுக்காகத் தாண்டி வடக்கே போக வேண்டுமாம். ஒரு பெரிய மேம்பாலம், ஒன்றின்மேல் ஒன்றாகச் சாலைகள், எதில் ஏறினால் எங்கே இறங்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்கே குழப்பமாம். "அங்கன தப்பா ஏறுனா திரும்பி வர ஒரு மணி நேரம்மா" என்றார். அவர் பாட்டுக்குத் தென்காசித் தமிழில் சொல்கிறார். எங்கே போனாலும் நம் ஊர்க்காரர்கள்.

அவர் சொல்லச் சொல்ல இந்தத் தாளின் மறுபக்கத்தில் வரைந்து வைத்திருக்கிறேன். முடிவு வர ஒரு மாதம் ஆகும், விசா, டிக்கெட் எல்லாம் அதற்குப் பிறகு. இருக்கட்டும். அதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை தனியாக வந்து ஓட்டிப் பார்த்துவிடுவேன். ஜோயல் அண்ணனிடம் இந்த முறை சொல்லப் போவதில்லை.

கதவைத் திறக்கிறார்கள். முதலில் இரண்டு பெண்கள் வருகிறார்கள். அடுத்து நீ. முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. என்னைத் தேடுகிறாய், வேறு பக்கமாக. ஹாரன் அடிக்கிறேன்.

ஸ்ரீப்ரியா